கட்டைப் பிரிக்காத டாக்டரம்மா

ஓடுகிற பெல்ட்டில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். எனக்கு அது இருபத்தாறாவது வயதில் தெரிந்தது. அதற்குள் நான் தமிழில் எம்.ஏ. முடித்து, திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, ஊரார் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதக் கடைசியில் முகூர்த்தம் என்று முடிவாகியிருந்தது. பெண் வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில். விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளையைத் தூங்க விடாமல் கிணற்றைக் காட்டக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்து உபசாரம். கிணற்று மேட்டில் பழைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் வழுக்கியது. அப்படி வழுக்கினால் ஒரு பிசின் கட்டியை எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் மேல் படும்படி லேசாகக் காட்டுவார்கள், பிடிப்பு வந்துவிடும். வருங்கால மாமனார் கட்டியைக் கையில் எடுத்தார். தென்னை மரத்துப் பக்கம், எனக்கு நிச்சயமான சரஸ்வதி நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கே நிற்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

“குடுங்க மாமா, நான் பூசறனுங்க” என்றேன்.

பள்ளி நூலகத்தில் இயந்திரங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. யாரும் எடுக்காத புத்தகங்களை எடுத்துப் படிப்பது என் பெருமைகளில் ஒன்று. “பெல்ட்டோட உள்பக்கந்தானுங்க சக்கரத்தைத் தொடுது. அங்க பூசினாத்தான் பலன்” என்று விளக்கிக்கொண்டே உள்பக்கம் கையை நீட்டினேன். விளக்கத்தில் தவறு ஒன்றும் இல்லை. பெல்ட்டும் அதை ஏற்றுக்கொண்டு, கட்டியோடு சேர்த்துக் கையையும் வாங்கிக்கொண்டது.

யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். வலி தெரியவில்லை. வலது புறங்கையில் தோல் இருந்த இடத்தில் வெள்ளையாக நாலைந்து கம்பிகள் தெரிந்தன. விரலை அசைத்தேன். கம்பிகள் முன்னும் பின்னும் நகர்ந்தன. ‘அட, இப்படித்தான் வேலை செய்கிறதா’ என்று வியந்தது நினைவிருக்கிறது. வியப்பு முடிவதற்குள் மயங்கிவிட்டேன். சரஸ்வதியின் பெரியப்பா காயத்தின் மேல் கால் படி காப்பித்தூளைக் கொட்டி, தம் துண்டால் கட்டி, காரில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்.

நான் சொல்ல வந்தது அங்கே பார்த்த டாக்டரம்மாவைப் பற்றி.

அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, எட்டுப் படுக்கை உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அவர் ஐம்பது வயதை நெருங்கியவர். ஐந்தடிக்கும் குறைவான உயரம். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, அதற்குச் சம்பந்தமில்லாமல் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். ஆத்தூர்க்காரர் என்பதால் எங்கள் ‘ங்க’ அவர் பேச்சில் குறைவு. பேச்சே குறைவு என்றும் சொல்லலாம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் குடை பிடித்து நடந்து வருவார். வழியில் எதிர்ப்படுகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார். முழங்கை, கழுத்து, கணுக்கால் என்று பார்த்துக்கொண்டே வருவார். டீக்கடைக்காரரை ஒருநாள் நிறுத்தி, “சைக்கிள் செயின்தானே? நாலு வருஷம் இருக்குமா?” என்று கேட்டதாகச் சொல்வார்கள். அவர் கேட்டது டீக்கடைக்காரரின் கெண்டைக்கால் தழும்பை. சரியாகத்தான் இருந்ததாம். “செவப்பா இருந்தா இன்னும் வேலை நடக்குதுன்னு அர்த்தம். வெளுத்துட்டா முடிஞ்சுது” என்பார்.

இந்த ‘வேலை நடக்குது’தான் அவருடைய மந்திரம். காயம் என்பது அவருக்கு உடம்பில் ஏற்பட்ட சேதம் அல்ல. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பார்க்கும் வேலை. அந்த வேலையை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அவர் வாழ்க்கையில் கொண்டிருந்த ஒரே கொள்கை இதுதான் என்று நினைக்கிறேன். கட்டுப் போட்டால் குறித்த நாள் வரைக்கும் பிரிக்க மாட்டார். பிரிக்க விடவும் மாட்டார். ஒவ்வொரு அறைக் கதவிலும் அவர் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கும்: ‘நோயாளியைப் பார்க்கலாம். காயத்தைப் பார்க்கக் கூடாது.’

எங்கள் பக்கத்தில் இது சாதாரண உத்தரவல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய் நலம் விசாரிப்பது என்றால் ஆறு சாத்துக்குடியும் ஒரு ரொட்டிப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போய், “எங்க, காட்டு பாக்கலாம்” என்பதுதான். பார்க்காமல் திரும்பினால் வந்தவருக்கு மரியாதைக் குறைவு. காட்டாமல் இருந்தால் படுத்திருப்பவருக்குத் திமிர். ஊருக்குப் போய் விரிவாகச் சொல்ல வேண்டுமல்லவா? எத்தனை அங்குலம், என்ன நிறம், எலும்பு தெரிகிறதா என்பதெல்லாம் நேரில் பார்த்தவர் வாயால் வந்தால்தானே நம்புவார்கள்!

என்னைக் கொண்டுபோன அன்று, மயக்க மருந்து கொடுத்து, முதலில் காப்பித்தூளைக் கழுவினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழுவினாராம். செத்துப்போன சதையை வெட்டி எடுத்து, பஞ்சும் துணியும் வைத்துக் கட்டி அறைக்கு அனுப்பிவிட்டார். விழித்ததும், “தைச்சாச்சுங்களா?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“எப்பத் தைப்பீங்க?”

“மூணு நாள் கழிச்சுப் பாக்கலாம். அழுக்கை உள்ளே வெச்சுத் தைச்சா வெளியே அழகா இருக்கும், உள்ளே ஊரே பத்தி எரியும். இப்ப கை வீங்கும், சுடும், செவக்கும். பயப்படாதீங்க. கூட்டிப் பெருக்கற ஆளுங்க வந்திருக்காங்க. அவங்க வேலை முடியட்டும்.”

அதன் பிறகு என் சட்டையைத் தூக்கி, அடிவயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். “இங்கே தாராளமா இருக்கு” என்றார். பக்கத்தில் நின்ற என் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “எம் பையன் எளைச்சுத் துரும்பா இருக்கறானுங்க. தாராளமாம்!” என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாராளம் எதற்கு என்பது மறுநாள் மாலையில் தெரிந்தது. பழைய துண்டு ஒன்றைக் கொதிக்க வைத்து உலர்த்தி எடுத்து வந்தார். அதிலிருந்து என் காயத்தின் அளவுக்கு ஒரு துண்டை வெட்டினார். அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வெட்டினார். படுக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதைக் கட்டின் மேல் வைத்தார். வயிற்றின் மேல் வைத்தார். மடித்தார், திருப்பினார், மறுபடி கைக்குக் கொண்டுவந்தார். இப்படிப் பத்துத் தடவையாவது இருக்கும். ஜன்னலில் சேர்வராயன் மலை நீலமாக இருந்தது, பிறகு கறுத்தது. அவர் இன்னும் மடித்துக்கொண்டிருந்தார்.

“டெய்லருங்ககூட இவ்வளவு அளவு எடுக்க மாட்டாங்களே டாக்டரம்மா.”

“டெய்லர் தப்பா வெட்டினா வேற துணி வாங்கலாம்” என்றார். “துணி இழுக்காம வந்து உக்காரணும். இழுத்துத் தைச்ச தோல் செத்துப்போயிரும்.”

தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவி ஒட்டினால் ஆகாதா என்று கேட்டேன். நான்தான் எதையும் படித்துவைத்திருப்பவன் ஆயிற்றே. அவர் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

“அப்படிச் சீவி ஒட்டறது வெறுங்கையோட மருமக போற மாதிரி. போற எடத்துல சோறு இருந்தாத்தான் பிழைக்கும். உங்க கையில தோலுக்குக் கீழே வெறும் தசைநாண்தான் இருக்கு. அது யாருக்கும் சோறு போடாது. அதனால வயித்துத் தோலை மூணு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் வெட்டாம விட்டு, அப்படியே கையில தைச்சுருவேன். மூணு வாரம் பொறந்த வீட்டுச் சாப்பாடு. அதுக்குள்ள புகுந்த வீட்டுல வேர் புடிச்சுக்கும். அப்புறம் பொறந்த வீட்டை வெட்டிவிட்டுருவேன்.”

“அதாவது என் கை என் வயித்தோட…”

“ஆமாம். மூணு வாரம் ஒட்டியே இருக்கும்.”

இருந்தது. வலது கை அடிவயிற்றில் தைக்கப்பட்டு, தோள் முதல் இடுப்பு வரை பிளாஸ்திரியால் கட்டப்பட்டு, எந்நேரமும் வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று பிடித்துக்கொண்டிருப்பவனைப் போல மூன்று வாரம் கிடந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர், “வயித்துலயும் அடியுங்களா?” என்று கேட்டார்கள். பெரியப்பா மட்டும், “பிளாஸ்டிக் ஆப்பரேசன்னு சொல்றாங்களே, அடுப்புப் பக்கம் போனா உருகாதுங்களா?” என்று நர்ஸிடம் தனியாக விசாரித்தாராம். அந்த வருஷம்தான் அவர் வீட்டுக்குப் பிளாஸ்டிக் குடம் வந்து, அடுப்பருகே வைத்து ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த மூன்று வாரமும் இப்போது நினைத்தால் ஒரே நீண்ட பிற்பகல் போலத்தான் தெரிகிறது. மின்விசிறி மெதுவாகச் சுற்றும். சுவரில் வெயில் சதுரமாக விழுந்து, நீண்டு, கட்டில் காலைத் தொட்டு மறையும். மலை மேல் மேகம் இறங்கும், ஏறும். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்பது எனக்கே தெரியாது. கண்ணை மூடினால் கட்டுக்குள் நடக்கும் வேலை கேட்கிற மாதிரி இருக்கும். பெருக்குகிறவர்கள் போய்விட்டார்கள், இப்போது கொத்தனார்கள் வந்திருக்கிறார்கள். சாரத்தில் ஏறுகிறார்கள். மெல்லிய ரத்தக் குழாய்கள் மழைக்குப் பிறகு வயலில் முளைக்கிற மாதிரி முளைத்து, கையிலிருந்து கொஞ்சமும் வயிற்றிலிருந்து கொஞ்சமுமாக வந்து, இருட்டில் ஒன்றையொன்று தேடிக் கைகோக்கின்றன. என்னைக் கேட்காமலே நடக்கிறது. நான் எம்.ஏ. படித்தது அவற்றுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷத்தில் என் உடம்பு செய்த வேலைகளில் என் அறிவு குறுக்கிடாதது இது ஒன்றுதான். அதனால்தான் சரியாக நடந்துகொண்டிருந்தது.

வயிற்றோடு தைத்த நான்காம் நாள் குறுக்கிட்டேன்.

பிற்பகலில் நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். அம்மா தூங்கிவிட்டார். சவரக் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இடது கையால் பஞ்சின் ஓரத்தைத் தூக்கி, கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. உடம்பைத் திருப்பி, முழங்கையை நகர்த்தி, இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. திருப்தியோடு மூடிவிட்டு, அதே கோணலில் தூங்கியும் போனேன்.

டாக்டரம்மா வந்து எழுப்பியபோது மணி ஒன்றரை இருக்கும். பஞ்சு கலைந்திருப்பதைப் பார்த்தார். விலக்கினார். அந்தத் தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

விரல் நுனியால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் கண் இமைப்பதற்குள் மறுபடி கறுத்தது. “உள்ளே போற ரத்தம் போகுது. வெளியே வர வழியில்லை” என்றார். முழங்கையை நிமிர்த்தி, கீழே இரண்டு தலையணை கொடுத்தார். முறுக்கு எடுபட்டது. ஓரத்தில் இரண்டு தையலை வெட்டிவிட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது போயிருச்சுன்னா டாக்டரம்மா?”

“போயிருச்சுன்னா தசைநாண் காஞ்சிரும். விரல் நீட்ட வராது.”

அவ்வளவுதான் சொன்னார். ஐந்து மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். புத்தகம் இல்லை, பேச்சு இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அழுத்திப் பார்ப்பார். அந்தப் பெரிய கடிகாரத்தைப் பார்ப்பார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, இனி எழுத முடியாத, சோறு பிசைய முடியாத, தாலி கட்ட முடியாத வாத்தியாராக என்னைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். வெயில் சதுரம் கட்டில் காலைத் தொட்டது. கத்தரிக்காய் நிறம் சிறிய வெங்காயத்தின் நிறமானது. பிறகு ரோஜா நிறமானது.

எழுந்தார். கண்ணாடியை எடுத்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். “பாக்கறதையும் ஒரு வேலைன்னு நெனைச்சுக்கிட்டிருக்கீங்க தம்பி” என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இந்தப் பார்க்கக் கூடாது என்பதில் வேறு ஏதோவும் இருந்தது. பக்கத்து அறையில் ஓர் இளம்பெண். முகவாய் மார்போடு ஒட்டிப்போயிருந்தது. எப்போதோ தீப்பட்ட காயம், சரியாகக் கவனிக்காததால் தோல் சுருங்கி இழுத்துவிட்டது. “ஸ்டவ்வு வெடிச்சிருச்சுங்க” என்று அவள் மாமியார் யாரும் கேட்காமலே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். டாக்டரம்மா அவளுக்குக் கட்டு மாற்றும்போது மாமியாரை மட்டும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே சத்தம் இருக்காது. ஒருநாள் மட்டும் அழுகுரல் கேட்டது. மாமியார் கதவைத் தட்டினார். “காயத்தைப் பாக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு” என்று உள்ளிருந்து பதில் வந்தது. அந்தப் பெண் நிமிர்ந்த கழுத்தோடு போனபோது புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள் என்று நர்ஸ் பிறகு சொன்னார். டாக்டரம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் பெண் வீட்டார் வந்தார்கள். முன்னால் பெரியப்பா, பின்னால் மாமனார், மாமியார், கடைசியில் சாப்பாடு கொண்டுவந்த தூக்குப் போசியோடு சரஸ்வதி. தங்கள் கிணற்று மேட்டில் நடந்ததால் அவர்களுக்குச் சங்கடம். நிச்சயமான மாப்பிள்ளைக்கு உடனே ரத்தக் காயம் என்பதில் அதைவிடச் சங்கடம். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். சரஸ்வதி அறைக்குள் வரவில்லை. வராந்தாவிலேயே நின்றாள்.

பெரியப்பா மரவள்ளிக் கிழங்கு பயிரிடுகிறவர். மாட்டுச் சந்தையில் பெயரெடுத்தவர். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட வாங்கியதில்லை. என்னிடம் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஏனுங் டாக்டரம்மா, கட்டைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க. பாத்துப்போட்டுப் போயர்றமுங்க.”

“இப்ப பிரிக்க முடியாது.”

“நாங்க பொண்ணுக் குடுக்கறவீங்க. பாக்காம எப்படிங்க?”

“மாப்பிள்ளையைப் பாருங்க. முழுசா இருக்காரு.”

“மூஞ்சிய என்னத்தைங்க பாக்கறது, அதை நிச்சயத்தன்னிக்கே பாத்தாச்சு. கையப் பாக்கோணுமுங்க. சோத்துக் கை, எழுதற கை. இந்தக் கை மூணு முடிச்சுப் போடுமா, போடாதா? போடுமின்னா தையில கல்யாணம். போடாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, எங்க புள்ளைக்கு நாங்க வேற எடம் பாக்கோணும்.”

மாமனார், “அண்ணா…” என்றார். “நீ சும்மாருடா” என்றார் பெரியப்பா. நான் கூரையைப் பார்த்தேன். அந்தக் கூரையில் எனக்குத் தெரியாத விரிசல் ஒன்றும் மிச்சமில்லை.

டாக்டரம்மா கேட்டார்: “கிழங்குக் குச்சி நடுவீங்க இல்லையா? நட்டுட்டு, வேர் விட்டுதான்னு தினம் புடுங்கிப் பாப்பீங்களா?”

“பாக்க மாட்டமுங்க” என்றார் பெரியப்பா. “ஆனா நடறதுக்கு முந்தி மண்ணைப் பாப்பமுங்க, குச்சியப் பாப்பமுங்க. நீங்க எதையுமே காட்ட மாட்டீங்கறீங்களே!”

டாக்டரம்மா வராந்தாவில் நின்ற சரஸ்வதியை ஒரு முறை பார்த்தார். “கை கழுவிட்டு வந்துர்றேன்” என்று வராந்தாவுக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது, நின்றது. கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவரோடு சரஸ்வதியும் வந்தாள்.

“கட்டிக்கப்போறது இந்தப் பொண்ணு” என்றார் டாக்டரம்மா. “அவ பாக்கணும்னு சொன்னா இப்பவே பிரிக்கறேன். வேற யாருக்கும் பிரிக்க மாட்டேன்.”

கத்திரிக்கோலைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். எல்லாரும் சரஸ்வதியைப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் அந்த இடம் எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. ஊதிப்போய், தையலும் பொருக்குமாக, பூரான் ஊர்ந்த பணியாரம் போல இருக்கும். அவள் தூக்குப் போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“இப்ப வேண்டாமுங்க பெரீப்பா. அது வேலை நடக்குதுங்க. முடியட்டும். அப்பறமாப் பாத்துக்கறனுங்க.”

பெரியப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “செரி. அவளே வேண்டாங்கறா, நாம என்னத்தைச் சொல்றது” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் வரை போனவர் திரும்பி, “மூணு முடிச்சுங்க டாக்டரம்மா” என்று விரலைக் காட்டினார்.

“மூணு போடுவாரு. நாலாவது கேட்டா நான் பொறுப்பில்லை” என்றார் டாக்டரம்மா.

என்னோடு சேர்ந்து யாராவது அப்படி ஒரு பிற்பகலில் படுத்திருந்தால்தான் இது புரியும். என்னை ஒருத்தி பார்க்காமலே நம்பினாள். நானே என்னை நம்பாமல் சவரக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தவன். அன்று மலை வழக்கத்தைவிட நீலமாக இருந்தது என்றுதான் இன்றைக்கும் சாட்சி சொல்வேன்.

பதினெட்டாம் நாளிலிருந்து டாக்டரம்மா, வயிற்றுக்கும் கைக்கும் நடுவே இருந்த பாலத்தை ஒரு மெத்தென்ற இடுக்கியால் பிடித்து, “பொறந்த வீட்டுச் சாப்பாட்டை அஞ்சு நிமிஷம் நிறுத்திப் பாக்கலாம்” என்று கடிகாரத்தைப் பார்ப்பார். நிறம் மாறவில்லை. மறுநாள் பத்து நிமிஷம். அதற்கு மறுநாள் அரை மணி. இருபத்திரண்டாம் நாள் வெட்டிவிட்டார். கை எனக்குத் திரும்பி வந்தது. அதாவது, கையின் முதுகில் வயிற்றைச் சுமந்துகொண்டு வந்தது. தொட்டால் உணர்ச்சியில்லை. விரல்கள் விறகுபோல விறைத்திருந்தன.

அதற்கு அவர் செய்த வைத்தியம் மஞ்சள் நூல். ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போடச் சொன்னார். ஒரு நாளைக்கு நூறு முடிச்சு. முதல் வாரம் ஒன்றுகூட விழவில்லை. அழுகை வரும். “மெதுவா. புதுத் தழும்பு இழுக்கும். இழுக்கத்தான் செய்யும், அதுக்கு ஒரு வருஷம் வேலை இருக்கு. பழைய தோலோட பலம் முழுசா வராது. முடிச்சுக்குப் போதும்” என்பார். மார்கழி முழுக்க முடிச்சுப் போட்டேன். ஜன்னல் கம்பிகள் எல்லாம் மஞ்சளாகி, பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்ட மரம்போல ஆகிவிட்டது. எத்தனை கம்பிகளுக்கு நான் தாலி கட்டினேன் என்பதை நர்ஸ் எண்ணிக்கொண்டு வந்தார்.

தை மாதக் கடைசியில் கல்யாணம் நடந்தது. முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதற்கு விரல் வழுக்கிக்கொண்டே போயிற்று. கெட்டிமேளக்காரர்கள் மூச்சுவிடாமல் வாசித்து, கண் பிதுங்கி, என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்த பிறகு விழுந்தது. பெரியப்பா பக்கத்தில் நின்று உரக்க எண்ணினார். டாக்டரம்மா குடையோடு வந்திருந்தார். அட்சதை போடும்போது எங்கள் முகத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. என் புறங்கையை விரலால் அழுத்தி, நிறம் திரும்புவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எட்டு வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில், கடைசியாக அவரைப் பார்த்தேன். இல்லறத்தில் நான் தடித்திருந்தேன். புறங்கையும் கூடவே தடித்திருந்தது. பேனா பிடித்தால் இட்லி மாதிரி உப்பி நின்றது. ஏதோ கட்டி என்று பயந்து ஓடினேன். அவர் முதலில் கையைக் கிள்ளினார், பிறகு வயிற்றைக் கிள்ளினார்.

“அது இன்னும் தன்னை வயிறுன்னுதான் நெனைச்சுக்கிட்டிருக்கு. அங்கே கொழுப்பு சேந்தா இங்கேயும் சேரும். சாதத்தைக் குறைங்க, கை எளைக்கும்” என்றார்.

பிறகு அவர் சேலத்தை விட்டுப் போய்விட்டார். ஆத்தூரில் இருக்கிறார் என்றார்கள். போன மாதம்தான், அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று தெரிந்தது. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டிய உறவும் அல்ல. ஆனாலும் அன்று சாயங்காலம் புறங்கையை அழுத்தி, வெளுத்துத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பார்க்காமல் காத்திருப்பது ஒரு பெரிய படிப்பு என்றும், அதை இரண்டு பெண்கள் அந்த அறையில் ஒரே பிற்பகலில் எனக்குக் காட்டினார்கள் என்றும் தோன்றியது. அதனால்தான் இதை எழுதினேன்.

எழுதியதைச் சரஸ்வதியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நல்லாத்தானுங்க எழுதியிருக்கறீங்க. ஆனா அது நானாச் சொன்னதில்லீங்க. வராந்தாவுல வெச்சு, ‘வேலை நடக்குதுன்னு சொல்லு சாமி, இப்பப் பாத்தீன்னா ஓடிருவே’ன்னு டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததைத்தான் சொன்னேன். பொங்கல் கழிஞ்சு உங்க கையப் பாத்தனே, அன்னிக்குக் கல்யாணமே வேண்டாம்னு சொல்லீரலாம்னுதானுங்க இருந்துது. அதுக்குள்ள பத்திரிகை அடிச்சு ஊரு பூராக் குடுத்துப்போட்டாங்க.”